20 நிமிஷம் குளிர், அப்புறம் வெறும் காற்று: பழைய கார் ஏசி, கேஸ் இரண்டு தடவை ஏற்றியும் சரியாகவில்லை

#1 · பழைய_செடான்

வணக்கம். 17 வருஷப் பெட்ரோல் கார். ஆர்134ஏ கேஸ், எக்ஸ்பான்ஷன் வால்வ் (திரவக் கேஸை மெல்லிய துளை வழியே கூலிங் காயிலுக்குள் விடுவது) வகை, மேக்னட் கிளட்ச் (கரண்ட் வந்தால் காந்தத்தால் கம்ப்ரஸரைப் புல்லியோடு ஒட்டவைப்பது) வைத்த சாதாரண கம்ப்ரஸர், கையால் திருகும் ஏசி கண்ட்ரோல்.

கிளம்பியதும் குளிர்கிறது, அதுவும் சுமார்தான். நடு வென்ட்டில் 12, 13 டிகிரி. 20–25 நிமிஷம் கழித்து சட்டென்று வெறும் காற்றாகிவிடுகிறது. பெரும்பாலும் நெரிசலில் நின்று கிளம்பும்போது, இல்லையென்றால் முந்துவதற்கு ஆக்ஸிலரேட்டரை ஒரே அழுத்தாக அழுத்தி எடுத்த பிறகு. ஏசி பட்டனை அணைத்துவிட்டு 10 நிமிஷம் ஓட்டினால் திரும்ப வருகிறது. இரவிலும் மழையிலும் இந்தத் தொல்லையே இல்லை.

கேஸ் இரண்டு தடவை ஏற்றியாச்சு. இப்போது கம்ப்ரஸர் போச்சு, மாற்றணும் என்கிறார்கள். அதற்கு முன் எதையெல்லாம் பார்க்கலாம்? மல்டிமீட்டர், கேஜ் செட், வென்ட் தெர்மாமீட்டர் கையில் இருக்கிறது.

#2 · அரை_இன்ச்_ஸ்பேனர்

17 வருஷம்னா கம்ப்ரஸர்தான் சார். சூடானதும் அமுக்கம் விட்டுடும். புதுசு போட்டுட்டு நிம்மதியா இருங்க.

#3 · ஓம்_விதி

உள்ளே வால்வ் தேய்ந்த கம்ப்ரஸர் பட்டனை அணைத்துப் போட்டால் சரியாகாது. அது எப்போதும் மந்தமாகத்தான் இருக்கும், ஐட்லிங்கில் இன்னும் மந்தம். கேஜில் லோ சைடு (கேஸ் கம்ப்ரஸருக்குள் வரும் பக்கத்து அமுக்கம்) ஏறியும் ஹை சைடு (வெளியேறும் பக்கத்து அமுக்கம்) இறங்கியும், இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். இங்கே நடப்பது "இருக்கிறது, திடீரென்று இல்லை, ஓய்வு கொடுத்தால் வருகிறது". இதற்கு இரண்டு பேர்தான் முக்கியமான சந்தேக நபர்கள்: கூலிங் காயிலில் ஐஸ் கட்டுவது, அல்லது சூட்டில் கிளட்ச் பிடிக்காமல் போவது. இரண்டுமே 10 நிமிஷ ஓய்வில் சரியாகும். அதனால்தான் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

பிரித்துப் பார்க்க ஒரு காசு செலவில்லை. சூடான காற்று வரும் அந்த நேரத்தில் புளோயரை முழு வேகத்தில் வைத்து, வென்ட்டில் கை வையுங்கள்.

காற்றின் அளவே குறைந்து, புளோயர் மட்டும் இரைந்தால் ஐஸ். காயிலின் இடுக்குகள் பனியால் அடைத்துக்கொண்டன. நிறுத்திய பிறகு வண்டிக்கு அடியில் வழக்கத்தைவிட நிறையத் தண்ணீர் கொட்டும்.

காற்று அதே வேகத்தில் வந்து, குளிர்ச்சி மட்டும் இல்லையென்றால் கம்ப்ரஸர் சுழலவில்லை. வண்டியை ஓரம் கட்டி, எஞ்சின் ஓடும்போதே பானெட்டைத் திறந்து எட்ட நின்று பாருங்கள். புல்லி எப்போதும் சுற்றும். அதற்கு முன்னால் இருக்கும் வட்டத் தட்டு சுற்றுகிறதா என்பதுதான் கேள்வி. தொங்கும் துணி, சட்டைக் கை, ஐடி கார்டுக் கயிறு எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

#4 · பழைய_செடான்

பார்த்தேன். காற்று குறையவில்லை. புல்லி சுற்றுகிறது, முன் தட்டு அசையாமல் நிற்கிறது. ஏசி பட்டன் விளக்கு எரிகிறது.

#5 · நடு_வென்ட்

அப்படியென்றால் ஐஸ் கதை முடிந்தது. அடுத்து, கிளட்சுக்குக் கரண்ட் போகிறதா இல்லையா. இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தப் பாகத்தையும் கழற்ற வேண்டாம்.

தட்டு நிற்கும் அந்த நேரத்திலேயே, கனெக்டரைப் பிடுங்காமல், பின்பக்கமாக மீட்டர் ஊசியைச் செருகி வோல்டேஜ் பாருங்கள். பிடுங்கிவிட்டுப் பார்த்தால் லோடு இல்லாமல் 13 வோல்ட் அழகாகக் காட்டும். உள்ளே ரிலே முனை கருகியிருந்தாலும் தெரியாது.

வோல்டேஜ் வரவே இல்லையென்றால் கோளாறு அந்தப் பக்கம்: ஃப்யூஸ், ரிலே, பிரஷர் ஸ்விட்ச், தெர்மோஸ்டாட், ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்). பிரஷர் ஸ்விட்ச் பொதுவாக 2 பார் அளவுக்குக் கீழே போனாலும் வெட்டும், 27–32 பாருக்கு மேலே போனாலும் வெட்டும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானாலும், ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தினாலும் ஈசியூ சில விநாடி ஏசியை வெட்டும். அது கோளாறு இல்லை, வடிவமைப்பே அப்படி.

வோல்டேஜ் வந்தும் தட்டு பிடிக்கவில்லையென்றால் கிளட்ச் காயில், அல்லது தட்டுக்கும் புல்லிக்கும் நடுவிலுள்ள இடைவெளி. #1-ல் "முந்துவதற்கு அழுத்திய பிறகு" என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அங்கேதான் பொறி தட்டுகிறது. ஈசியூ வெட்டியது சில விநாடிக்குத்தான், ஆனால் கிளட்ச் திரும்பப் பிடிக்கவில்லை.

#6 · பழைய_செடான்

தட்டு நிற்கும்போது: பேட்டரியில் 13.7 வோல்ட், கிளட்ச் கனெக்டரில் 12.6.

எஞ்சினை நிறுத்தி, சூடு ஆறுவதற்குள் கிளட்ச் காயிலின் ரெசிஸ்டன்ஸ் 4.6 ஓம். மறுநாள் காலை ஆறிய நிலையில் 3.7 ஓம். சூட்டில் ரெசிஸ்டன்ஸ் ஏறுகிறதே, காயில் போய்விட்டதா?

#7 · ஓம்_விதி

காயில் போகவில்லை. செம்புக் கம்பி டிகிரிக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம் ரெசிஸ்டன்ஸ் ஏறும். 60 டிகிரி கூடுதல் சூட்டுக்கு 23 சதவீதம். 3.7 ஓம் 4.6 ஆவது கணக்குக்குப் பொருந்துகிறது. எரிந்த காயில் என்றால் 1–2 ஓமுக்கு இறங்கி ஃப்யூஸை அடிக்கும், அறுந்தால் மீட்டர் எதுவும் காட்டாது. பெரும்பாலான 12 வோல்ட் கிளட்சுகள் ஆறிய நிலையில் 3 முதல் 5 ஓம்.

ஆனால் அந்த எண்ணில்தான் உங்கள் விடை ஒளிந்திருக்கிறது. ஆறிய நிலையில் 13 வோல்ட், 3.7 ஓம், கிட்டத்தட்ட 3.5 ஆம்ப். சூட்டில் 12.6 வோல்ட், 4.6 ஓம், 2.7 ஆம்ப். காந்த இழுவை கரண்டின் வர்க்கத்தில் மாறுவது. அதாவது சூட்டில் உங்கள் காயிலுக்கு இருப்பது காலையில் இருந்த பலத்தில் ஏறத்தாழ 60 சதவீதம்.

இடைவெளி சரியாக இருந்தால் அந்த 60 சதவீதமே போதும், வடிவமைத்தவர்கள் அதையும் எண்ணித்தான் வைத்திருக்கிறார்கள். தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தால் போதாது. இதில் இன்னொரு நுணுக்கம்: தட்டு ஒருமுறை ஒட்டிக்கொண்டால் இடைவெளி பூஜ்யம், பிறகு குறைந்த கரண்டிலும் பிடித்துக்கொண்டே இருக்கும். விட்டுப் பிடிக்கும்போதுதான் தோற்கும். அதனால்தான் காலையில் பிடித்தது 20 நிமிஷம் ஓடி, ஒரு வெட்டுக்குப் பிறகு திரும்பவில்லை. தட்டு பிடிக்காவிட்டாலும் காயிலில் கரண்ட் ஓடிக்கொண்டே இருப்பதால் அது ஆறவும் ஆறாது. பட்டனை அணைத்து 10 நிமிஷம் ஓட்டினால் ஆறுகிறது, மறுபடி பிடிக்கிறது.

பேட்டரியிலிருந்து கனெக்டருக்கு வருவதற்குள் 1.1 வோல்ட் தொலைந்திருப்பதும் கவனிக்க வேண்டியது. அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ரிலேவைப் புதுசாகப் போடுங்கள், கம்ப்ரஸர் பாடியிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை எர்த் பக்கத்தையும் அளந்து பாருங்கள். அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும்.

#8 · அரை_இன்ச்_ஸ்பேனர்

சரி, கம்ப்ரஸர்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்.

கேப் பார்க்கிற வேலை என் பக்கம். எஞ்சின் ஆஃப், பேட்டரி நெகட்டிவ் கழட்டிடுங்க. தட்டுக்கும் புல்லிக்கும் நடுவுல ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட்டு மூணு இடத்துல பாருங்க, 120 டிகிரிக்கு ஒண்ணு. பெரும்பாலான வண்டிக்கு 0.3-லேர்ந்து 0.6 மி.மீ தான் கணக்கு, உங்க மாடல் சர்வீஸ் புக்குல சரியான எண் இருக்கும். 0.8 தாண்டினா சூட்டுல வம்பு ஆரம்பிக்கும்.

மூணு இடத்துக்கும் வித்தியாசம் நிறைய இருந்தா தட்டு கோணல், ஷிம் (கேப்பை நிர்ணயிக்கிற மெல்லிய வாஷர்) எடுத்தும் சரியா வராது. தட்டையே மாத்தணும்.

அளக்குறதுக்கு முன்னாடி ஒரு சின்னச் சோதனை. எஞ்சின் சூடா இருக்கும்போது நிறுத்திட்டு, கிளட்ச் கனெக்டரைப் பிடுங்கி, பேட்டரி பாசிட்டிவ்லேர்ந்து 10 ஆம்ப் ஃப்யூஸ் போட்ட வயர்ல நேரா கரண்ட் குடுங்க. "டக்"னு அடிச்சு ஒட்டணும். சத்தமே இல்ல, ஆனா தட்டைக் கட்டை விரலால உள்ளே தள்ளினா ஒட்டிக்குதுன்னா, சந்தேகமே வேணாம், கேப்தான். ரெண்டு வயர் வர்ற காயில்னா பாசிட்டிவ் நெகட்டிவ் மாத்திக் குடுத்துடாதீங்க. உள்ளே டயோடு இருக்கும், போயிடும்.

எஞ்சின் ஓடும்போது குச்சியால தட்டைத் தள்ளிப் பார்க்கிற பழக்கம் சில பேருக்கு இருக்கு. வேணாம். குச்சியோட கையும் போகும்.

#9 · பழைய_செடான்

சூட்டில் நேரடியாகக் கரண்ட் கொடுத்தேன். சத்தம் இல்லை. விரலால் தள்ளியதும் ஒட்டிக்கொண்டது. இடைவெளி மூன்று இடத்திலும் 0.95, 0.95, 1.0 மி.மீ.

தட்டின் ஓரம் நீலம் பாரித்திருக்கிறது. விளிம்பில் பழுப்பு நிறத் துரு மாதிரிப் பொடி.

#10 · அரை_இன்ச்_ஸ்பேனர்

கண்டுபிடிச்சாச்சு. நீலம்னா தட்டு வழுக்கி வழுக்கிச் சூடேறியிருக்கு, அந்தப் பொடி தேய்ஞ்ச இரும்பு.

ஷிம் எடுக்கிறதுக்குக் கேஸைத் திறக்க வேணாம், இது வெளியே இருக்கிற வேலை. பெல்ட்டைக் கழட்டிட்டா கை நல்லாப் போகும். தட்டு நடுவுல 10 இல்ல 12 மி.மீ தலை போல்ட் இருக்கும், சிலதுல நட். தட்டு கூடச் சுத்தாம இருக்க அதுல இருக்கிற ஓட்டைகள்ல பிடிக்கிற ஹோல்டர் போடுங்க. ஸ்க்ரூடிரைவரை ஸ்பிரிங் பட்டைக்கு நடுவுல குத்திப் பிடிச்சா பட்டை வளையும், அப்புறம் தட்டு நேரா வந்து ஒட்டாது.

போல்ட் வந்ததும் தட்டை நேரா வெளியே இழுங்க. 17 வருஷத் துருல ஸ்ப்லைன் (ஷாஃப்ட்ல இருக்கிற பல்வரி) பிடிச்சிருக்கும். கொஞ்சம் பெனட்ரேட்டிங் ஆயில் ஸ்ப்லைன்ல மட்டும், மேல்பரப்புல படாம. சில தட்டுல நடு ஓட்டையே மரை போட்டு இருக்கும், அதுக்கேத்த பெரிய போல்ட்டை உள்ளே திருகினா தானா வெளியே வரும். ரெண்டு பக்கமும் நெம்புகோல் போட்டு நெம்பாதீங்க.

ஷாஃப்ட்லயோ தட்டோட குழிக்குள்ளயோ மெல்லிய வாஷர் ஒட்டிட்டு இருக்கும், அதான் ஷிம். கிரீஸோட ஒட்டி இருக்கும், கீழே விழுந்தா தேடவே முடியாது, அடியில துணி விரிச்சுக்கோங்க. 0.1, 0.3, 0.5 மாதிரி அளவுகள்ல வரும். உங்களுக்கு 0.95 இருக்கு, 0.5 ஒண்ணை எடுத்தா 0.45. அதுவே போதும்.

ஆசைப்பட்டு 0.2-க்குக் கொண்டு போகாதீங்க. ஏசி ஆஃப்ல இருக்கும்போதே தட்டு உரசும், பேரிங்கும் காயிலும் சேர்ந்து வேகும்.

மேல்பரப்பு ரெண்டையும் 120 நம்பர் உப்புத்தாள்ல லேசா சுரண்டி, பிரேக் கிளீனர்ல துடைங்க. எண்ணெய் ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது. மாட்டி, போல்ட்டை சர்வீஸ் புக் டார்க்ல இறுக்கிட்டு (சின்ன போல்ட்தான், பலம் காட்டினா அறுந்துடும்), கேப்பைத் திரும்ப மூணு இடத்துல அளந்துட்டு, புல்லியைக் கையால சுத்திப் பாருங்க. உரசல் சத்தம் இருக்கக் கூடாது. கர்ர்னு மணல் அரைக்கிற மாதிரி இருந்தா பேரிங் போச்சு, இப்பவே மாத்திடுங்க.

கடைசியா, எஞ்சினை 1500–2000 ஆர்பிஎம்ல வெச்சு ஏசியை 15, 20 தடவை ஆன் ஆஃப் பண்ணுங்க. பரப்பு ஒண்ணோட ஒண்ணு படிஞ்சுக்கும்.

#11 · பனிக்கட்டி

ஷிம் வேலை சரி. ஆனால் தட்டு ஏன் வழுக்கியது என்று யாரும் கேட்கவில்லையே. #1-ல் ஆரம்பத்திலேயே 12, 13 டிகிரிதான் என்கிறார், கேஸ் இரண்டு தடவை ஏற்றியிருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் எனக்குக் கேஸ் அதிகமோ என்றுதான் தோன்றுகிறது. ஹை சைடு அமுக்கம் ஏறினால் கம்ப்ரஸரைச் சுழற்றத் தேவையான விசை ஏறும், கிளட்ச் வழுக்கும், தேயும். ஷிம்மை மட்டும் எடுத்தால் தட்டு மறுபடி தேயும்.

கேஜ் போட்டு, வெளி வெப்பநிலையோடு சேர்த்து எண்களைக் கொடுங்கள். வெப்பநிலை இல்லாத கேஜ் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

#12 · பழைய_செடான்

ஷிம் எடுத்தேன், இடைவெளி இப்போது 0.45. ரிலே புதுசு, கனெக்டரில் 13.3 வோல்ட். இன்று 50 நிமிஷம் வெயிலில் ஓடியது, ஒரு தடவைகூட விடவில்லை. ஆனால் வென்ட்டில் இன்னும் 12 டிகிரிதான்.

கேஜ்: வெளியே 34 டிகிரி, 1500 ஆர்பிஎம், புளோயர் முழு வேகம், உள்காற்றுச் சுழற்சி. லோ 42 பி.எஸ்.ஐ, ஹை 310. காலையில் எஞ்சின் ஓடுவதற்கு முன் இரண்டு பக்கமும் 88, அப்போது வெளியே 27 டிகிரி. சைட் கிளாஸில் (கேஸ் ஓடுவதைப் பார்க்கும் கண்ணாடித் துளை) நுரை இல்லை, தெளிவாக இருக்கிறது. காலையில் 88 இருந்ததால் கேஸ் சரியான அளவு என்கிறார்கள்.

#13 · பனிக்கட்டி

எஞ்சின் ஓடாதபோது காட்டும் அமுக்கம் கேஸின் அளவைச் சொல்லவே சொல்லாது. சமையல் கேஸ் சிலிண்டரை நினைத்துக்கொள்ளுங்கள்: உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கும்வரை அமுக்கத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டும்தான். ஆர்134ஏ-க்கு 25 டிகிரியில் சுமார் 82 பி.எஸ்.ஐ, 30-ல் 97, 35-ல் 114, 40-ல் 133. 200 கிராம் இருந்தாலும் அதே, 700 கிராம் இருந்தாலும் அதே.

ஆனால் உங்கள் 88 வேறொரு விஷயத்தைச் சொல்கிறது. 27 டிகிரிக்குக் கணக்குப்படி 88தான் வர வேண்டும். உள்ளே காற்று கலந்திருந்தால் 100, 110 என்று கூடுதலாகக் காட்டியிருக்கும். ஆகவே காற்று இல்லை. இந்தச் சோதனைக்கு வண்டி இரவு முழுக்க நிழலில் நின்றிருக்க வேண்டும், எஞ்சின் சூடு துளியும் இருக்கக் கூடாது. நீங்கள் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

சைட் கிளாஸ் பேச்சை விடுங்கள். நிரம்பினாலும் தெளிவு, வழிந்தாலும் தெளிவு, காலியானாலும் தெளிவு. ஆர்12 (ஆர்134ஏ-க்கு முந்தைய கேஸ்) காலத்தில் நுரை மறையும்வரை ஏற்றுவார்கள். ஆர்134ஏ-ல் சரியான அளவிலேயே கொஞ்சம் நுரை தெரியலாம். அது முழுக்க மறையும்வரை ஏற்றுகிறவர் அளவைத் தாண்டித்தான் நிற்பார்.

இப்போது 310. இந்த 34 டிகிரிக்கு ஹை சைடு ஏறத்தாழ 200–230 இருந்தால் இயல்பு. மிச்சமிருக்கும் காரணம் இரண்டு: கண்டென்சருக்கு (ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து கேஸை ஆறவைத்துத் திரவமாக்குவது) போதுமான காற்று போகவில்லை, அல்லது கேஸ் அதிகம்.

#14 · நடு_வென்ட்

கண்டென்சர் பக்கத்தை முதலில் முடித்துவிடலாம்.

ஏசி போட்டதும் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றினால் மட்டும் போதாது, எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதையும் பாருங்கள். ஒரு தாளைக் கிரில்லுக்கு முன்னால் பிடித்தால் உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். மோட்டார் மாற்றிய வண்டிகளில் வயரை மாற்றிக் கொடுத்து, ஃபேன் முன்னோக்கி ஊதிக்கொண்டிருப்பது நடக்கிறதுதான். ஓடும் காற்றுக்கு எதிராக அது வேலை செய்யும்.

இரண்டு வேகம் உள்ள ஃபேனில் மெதுவான வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துபோவது சகஜம். அப்போது எஞ்சின் சூடாகி முழு வேகம் வரும்வரை ஃபேனே சுற்றாது. கரிப் பிரஷ் தேய்ந்த மோட்டார் தட்டினால் சுற்றும், நின்றால் மறுபடி தட்ட வேண்டும்.

அடுத்தது கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள இடுக்கு. முன்னால் இருந்து பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்று இருக்கும். மேல் பிராக்கெட் போல்ட்டுகளைக் கழற்றி ரேடியேட்டரை இரண்டு விரல் அகலத்துக்குப் பின்னால் சாய்த்துப் பாருங்கள். தூசியும் பூச்சியும் சருகும் கம்பளி மாதிரிப் படிந்திருக்கும். எஞ்சின் பக்கமிருந்து முன்னோக்கிக் குழாய்த் தண்ணீர் விடுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், தகடுகள் படுத்துவிடும்.

பிறகு ஏசி ஓடும்போது கண்டென்சர் மேல் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே ஹை சைடு கேஜைப் பாருங்கள். 200 பக்கம் சரசரவென்று இறங்கினால் காற்றோட்டக் குறை. இறங்கியும் உயரத்திலேயே நின்றால் கேஸ்.

#15 · பழைய_செடான்

ஃபேன் இரண்டு வேகமும் சரி, தாள் உள்ளே ஒட்டுகிறது. இடுக்கில் நீங்கள் சொன்ன கம்பளி கொஞ்சம் இருந்தது, கழுவியாச்சு. கழுவிய பிறகும் 305–310. தண்ணீர் தெளித்தால் 265, அதற்குக் கீழே இறங்கவில்லை.

#16 · பனிக்கட்டி

இன்னும் ஒரே ஒரு அளவு. கண்டென்சரிலிருந்து வெளியேறும் மெல்லிய குழாயின் வெப்பநிலை. தெர்மோகப்பிளை (வெப்பநிலை அளக்கும் கம்பி) குழாயில் டேப் போட்டு ஒட்டி, மேலே துணி சுற்றி, 10 நிமிஷம் ஓடிய பிறகு பாருங்கள். லேசர் துப்பாக்கித் தெர்மாமீட்டர் பளபளக்கும் அலுமினியத்தில் தப்பாகக் காட்டும், கறுப்பு டேப் ஒரு சுற்றுச் சுற்றி அதன்மேல் அடித்தால் பரவாயில்லை.

#17 · பழைய_செடான்

310 பி.எஸ்.ஐ-ல் 53 டிகிரி.

#18 · பனிக்கட்டி

310 பி.எஸ்.ஐ-ல் ஆர்134ஏ திரவமாகும் வெப்பநிலை சுமார் 72. குழாயில் 53. வித்தியாசம் 19 டிகிரி. இயல்பாக 5 முதல் 10 வரைதான் இருக்கும். கண்டென்சரின் கீழ்ப்பாதி முழுக்கத் திரவம் தேங்கி நிற்கிறது என்று பொருள். ஆவியைத் திரவமாக்க வேண்டிய இடத்தைத் திரவமே பிடித்துக்கொண்டது, மிச்ச இடத்தில் அமுக்கம் ஏறுகிறது. காற்று கலந்திருந்தாலும் இந்த வித்தியாசம் கூடும், ஆனால் அதைக் காலையின் 88 தள்ளிவிட்டது.

கேஸ் அதிகம். கொஞ்சம் திறந்துவிட்டுக் குறைக்கலாமே என்று நினைக்க வேண்டாம். ஆர்134ஏ கார்பன் டை ஆக்ஸைடைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும் வாயு. அதோடு எவ்வளவு போனது, எவ்வளவு மிஞ்சியது என்றும் தெரியாது, மறுபடி குருட்டுக் கணக்குதான். ரிகவரி மெஷினில் முழுவதையும் எடுத்து, எடை பார்த்து, பானெட் ஸ்டிக்கரில் போட்ட கிராம் அளவை மட்டும் ஏற்றச் சொல்லுங்கள். கூடவே வெளியே வந்த ஆயிலின் அளவையும் கேளுங்கள். அதே அளவு, அதே தரப் பேக் ஆயில் (PAG, ஆர்134ஏ கம்ப்ரஸருக்கான செயற்கை எண்ணெய்) திரும்பப் போக வேண்டும். பேக் 46-க்கும் 100-க்கும் பிசுபிசுப்பு (விஸ்காஸிட்டி) வேறு.

ஏற்றுவதற்கு முன் வேக்கம் குறைந்தது 30 நிமிஷம், 45 என்றால் நல்லது. காற்றை எடுப்பதற்கு மட்டும் இல்லை, ஈரத்தை எடுக்கவும்தான். 20 டிகிரியில் தண்ணீர் கொதிக்க அமுக்கம் 23 மில்லிபாருக்கு இறங்க வேண்டும். பம்ப் சுமாராக இருந்தால் ஈரம் உள்ளேயே தங்கி, எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித் துளையில் பனியாக உறையும். பம்பை நிறுத்தி 15–20 நிமிஷம் ஊசி நகராமல் நிற்க வேண்டும். அது நின்றாலும் கசிவே இல்லை என்று அர்த்தம் இல்லை: வேக்கத்தில் ஒரு பார் வெளியிலிருந்து உள்ளே அமுக்குகிறது, ஓடும்போது 15 பார் உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது.

#19 · ரப்பர்_வாஷர்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். இரண்டு தடவை கேஸ் ஏற்றினார்களே, முதல் தடவை ஏன் குறைந்தது? கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ போயிருக்கிறது.

#20 · நடு_வென்ட்

நல்ல கேள்வி, குறையவே இல்லை என்பதும் சாத்தியமான விடைதான். கிளட்ச் விட்டுவிட்டுப் பிடித்ததை "கேஸ் குறைவு" என்று எடுத்துக்கொண்டு ஏற்றியிருக்கலாம். அப்படி ஏற்றியதில் அமுக்கம் கூடி, கிளட்ச் இன்னும் வேகமாகத் தேய்ந்திருக்கும். நோய்க்குக் கொடுத்த மருந்தே நோயை வளர்த்த கணக்கு.

ஆனாலும் எல்லாவற்றையும் வெளியே எடுக்கும் நேரத்தில் கசிவைத் தேடாமல் விடுவது புத்தி இல்லை. நான் பார்க்கும் வரிசை: சர்வீஸ் வால்வ் ஊசிகள் (மூடியைத் திறந்து ஒரு சொட்டுச் சோப்பு நீர், இதை யாரும் பார்ப்பதே இல்லை), கம்ப்ரஸர் ஷாஃப்ட் சீல், ரப்பர் ஹோஸும் அலுமினியமும் சேரும் இடம், கண்டென்சரின் கீழ் மூலைகள், கடைசியாகக் கூலிங் காயில். ஷாஃப்ட் சீல் கசிந்தால் கிளட்சின் எதிரே பானெட்டின் அடியில் ஒரு கோடாக எண்ணெய் தெறித்திருக்கும். கேஸ் எங்கே கசிந்தாலும் ஆயிலையும் கூட இழுத்துக்கொண்டு வரும், ஆகவே எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுத்த இணைப்புதான் முதல் சந்தேகம்.

எலக்ட்ரானிக் டிடெக்டர் என்றால் முனையை இணைப்புக்கு அடியில் மெதுவாக நகர்த்துங்கள். ஆர்134ஏ காற்றைவிடக் கனம், கீழேதான் இறங்கும். கூலிங் காயிலுக்கு, வண்டி ஒரு மணி நேரம் நின்ற பிறகு தண்ணீர் வடியும் குழாயின் வாயில் வைத்துப் பாருங்கள். அமுக்கம் கொடுத்துச் சோதிப்பதென்றால் உலர் நைட்ரஜன், 10 பார் போதும். சைக்கிள் கடைக் காற்றும் வேண்டாம், ஆக்ஸிஜன் கனவிலும் வேண்டாம்.

கசிவை அடைக்கும் டப்பா மருந்துகளைப் பற்றி யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். அது வால்வ் துளையையும் ரிகவரி மெஷினையும் அடைக்கும்.

#21 · கதவு_கண்ணாடி

இதே மாதிரிப் பிரச்சனை, ஆனால் என் வண்டியில் கிளட்ச், கேஜ், ஃபேன் எல்லாம் சரி. லோ 30, ஹை 210. மெல்லிய காற்றுக்கு 10, புளோயர் கூட்டினால் 15 டிகிரி. லோ சைடு குழாய் கை வைக்க முடியாத அளவு ஜில்லென்று இருக்கிறது.

#22 · நடு_வென்ட்

ஏசி குளிர்வித்துவிட்டது, ஹீட்டர் அதைச் சூடாக்கிவிடுகிறது. உஷ்ண நாபை முழுக் குளிரில் வைத்து, ஃபயர்வாலுக்குள் (எஞ்சின் அறைக்கும் உட்புறத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பு) போகும் இரண்டு ஹீட்டர் ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். தண்ணீர் வால்வ் உள்ள வண்டியென்றால் வால்வைத் தாண்டிய ஹோஸ் சூடாக இருக்கக் கூடாது. சூடாக இருந்தால் வால்வ் மூடவில்லை. கேபிள் கிளிப்பைக் கழற்றி, வால்வை முழுக்க மூடிய நிலையில் கேபிளை இழுத்து மாட்டினாலே பாதி வண்டிகளில் சரியாகும். வால்வே இல்லாத வண்டியில் இரண்டு ஹோஸும் சூடாக இருப்பது இயல்பு, அங்கே சந்தேகம் ஏசி பெட்டிக்குள் சூட்டுக் காற்றையும் குளிர் காற்றையும் கலக்கும் சின்னக் கதவு மேல். அதன் ஓரத்து ஸ்பாஞ்ச் 15 வருஷத்தில் பொடியாகிவிடும். உறுதி செய்துகொள்ள ஒரு ஹோஸைக் கிளாம்ப்பால் மெதுவாக நெரித்து 10 நிமிஷம் ஓட்டுங்கள். வென்ட் 4, 5 டிகிரி இறங்கினால் பதில் கிடைத்தது.

#23 · ரப்பர்_வாஷர்

1990-க்கு முந்தைய வண்டி ஒன்று கையில் இருக்கிறது, ஆர்12. அதில் ஆர்134ஏ ஏற்றலாமா?

#24 · பனிக்கட்டி

நேரே ஏற்றக் கூடாது. ஆர்12 வண்டியில் இருப்பது மினரல் ஆயில், அது ஆர்134ஏ-உடன் கலந்து ஓடாது. கேஸ் சுற்றும், ஆயில் ஒரு மூலையில் தேங்கும், கம்ப்ரஸர் காய்ந்து இறுகும். பழைய ஆயிலைக் கம்ப்ரஸரைக் கழற்றிக் கவிழ்த்து வடித்துவிட்டு, எஸ்டர் ஆயில் ஊற்ற வேண்டும். டிரையர் (ஈரம் உறிஞ்சும் டப்பா) ஆர்134ஏ-க்கு ஏற்றது, திறந்த ஒவ்வொரு இணைப்புக்கும் புது ஓ-ரிங், சர்வீஸ் முனைக்கு அடாப்டர். அளவு ஆர்12-க்குப் போட்ட எடையில் 80–85 சதவீதத்தில் ஆரம்பித்து கேஜைப் பார்த்து முடிவு செய்வது. பழைய பாம்பு வடிவக் கண்டென்சரில் ஹை சைடு கூடுதலாகத்தான் நிற்கும். ஃபேன் பலமாக இல்லையென்றால் நெரிசலில் திணறும். புரொப்பேன் கலந்த "மாற்றுக் கேஸ்" யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், அது தீப்பிடிக்கும் சரக்கு, கூலிங் காயில் இருப்பதோ பயணிகள் இருக்கும் அறையில்.

#25 · பழைய_செடான்

ரிகவரி முடிந்தது. ஸ்டிக்கரில் 480 கிராம். உள்ளேயிருந்து வந்தது 660. ஆயில் 15 மி.லி வந்தது, அதே அளவு பேக் 46 திரும்பப் போனது. லோ சைடு சர்வீஸ் வால்வ் ஊசியில் மெல்லிய குமிழி இருந்தது, ஊசியை மாற்றியாச்சு. வேக்கம் 45 நிமிஷம், 20 நிமிஷம் நின்றது, 480 கிராம் தராசில் வைத்து ஏற்றினார்கள்.

இப்போது 34 டிகிரியில் லோ 30, ஹை 215. வென்ட்டில் 7. ஐட்லிங்கில் 9. கிளட்ச் விட்டுப் பிடிக்கும்போது "டக்" என்று தெளிவாகக் கேட்கிறது. ஒரு சின்னச் சந்தேகம்: பிடிக்கும் அந்த நொடியில் மட்டும் "கீச்" என்று ஒரு சத்தம்.

#26 · அரை_இன்ச்_ஸ்பேனர்

கழட்டி மாட்டினீங்கல்ல, பெல்ட் டென்ஷன் பாருங்க. நீளமான பக்கத்துல நடுவுல கட்டை விரலால நல்லா அழுத்தினா 8–10 மி.மீ அமுங்கலாம், அதுக்கு மேல இருந்தா இறுக்குங்க. கீச்சு பெல்ட்லேர்ந்தா கிளட்ச்லேர்ந்தான்னு தெரியணும்னா, எஞ்சின் ஓடும்போது பெல்ட்டோட உள்பக்க வரிகள்ல எட்ட நின்னு ஸ்ப்ரே பாட்டில்ல கொஞ்சம் தண்ணி அடிங்க. சத்தம் மாறினா பெல்ட். மாறலேன்னா தட்டு இன்னும் படியலை, ஒரு வாரம் ஓட்டிட்டுக் கேப்பைத் திரும்ப அளந்து இங்க போடுங்க.